டீச்சர் சொன்ன சாட்சி

எங்கள் வீட்டுக்குக் கொரோனா வரவே இல்லை. வந்திருக்கிறது என்று தெருவுக்கெல்லாம் சொன்னவள் நான்தான்.

ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் சாலையிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், மாடி வீட்டில் இருக்கிறோம். நானும் என் கணவரும் மட்டும். பிள்ளைகள் இல்லை. அவர் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர், சொந்த வண்டி. சந்தில் பாதிப் பிள்ளைகள் அவர் வண்டியில் பள்ளிக்கூடம் போய் வளர்ந்தவர்கள்தான். நான் தில்லை நகரில் ஒரு ஸ்கேன் சென்டரில் முன்னால் உட்கார்ந்து பேர் எழுதி டோக்கன் கொடுக்கிறவள். அந்த வேலையில் பாதி எழுதுவது, மீதிப் பாதி வாயை மூடிக்கொண்டிருப்பது. யார் வயிற்றில் என்ன, யார் மார்பில் என்ன என்று எனக்குத் தெரியும். ஒருமுறை என் சொந்த நாத்தனார் வந்து, பக்கத்து வீட்டுக்காரிக்கு என்ன ரிப்போர்ட் என்று குழைந்து குழைந்து கேட்டாள். காப்பி சாப்பிடுகிறாயா என்று கேட்டு அனுப்பிவிட்டேன். இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. அதனால்தானோ என்னவோ, நடந்தது எனக்கு இன்னும் ஆறவில்லை.

முதல் அலையில் என் கணவரின் தம்பி இறந்து போனார். வையம்பட்டியில் விவசாயம் பார்த்துக்கொண்டு நன்றாக இருந்தவர். மூச்சு வாங்குகிறது என்று போன் வந்ததும் இவர்தான் வேனை எடுத்துக்கொண்டு போய்த் தம்பியைத் திருச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். ரெண்டு நாளில் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லி உள்ளே அனுப்பினார். அதற்குப் பிறகு தம்பியின் முகத்தை அவர் பார்க்கவில்லை. சுற்றிக் கட்டிய மூட்டையாகத்தான் ஓயாமாரிச் சுடுகாட்டில் தூரத்தில் நின்று பார்த்தார். பிறகு பள்ளிக்கூடங்கள் மூடியே கிடந்தன, வண்டி சந்தில் கிடந்தது, இவர் அந்த வண்டிக்குள் போய் உட்கார்ந்திருப்பார். பேட்டரி திருடு போகாமல் காவல் இருக்கிறார் என்று எதிர்வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். நானும் சிரித்து வைப்பேன்.

இரண்டாம் அலை அடங்கிக்கொண்டிருந்த சமயம், ஒரு விடியற்காலையில் ஒரு பால்காரர் தன் டூவீலரில் இவரை உட்காரவைத்து வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டார். கொள்ளிடம் பாலத்தில் கைப்பிடிச் சுவர் மேல் ஏறி நின்றவரைப் பிடித்து இழுத்ததாகச் சொன்னார். "கொஞ்சம் பக்கத்துலயே இருந்து பார்த்துக்கங்கம்மா," என்றார். பேரைக் கேட்பதற்குள் போய்விட்டார். என் கணவர் செருப்பைக் கழற்றாமல் கூடத்தில் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

வாசல் கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். அந்தப் பதற்றத்திலும் எனக்கு ஒன்று பளிச்சென்று தெரிந்தது. இது வெளியில் தெரிந்தால் இவர் வண்டியில் இனிமேல் ஒரு பிள்ளை ஏறாது. சாகத் துணிந்த மனிதன் கையில் ஸ்டியரிங்கைக் கொடுத்து, பின்னால் தன் பிள்ளையை எந்தத் தாய் உட்காரவைப்பாள்? நானே வைக்க மாட்டேன். ஆனால் அவருக்கு உயிரோடு இருக்க மிச்சமிருந்த காரணமே அந்தப் பிள்ளைகள்தான். பள்ளிக்கூடம் திறந்ததும் காலையில் ஹாரன் அடித்துக்கொண்டு சந்து சந்தாகப் போக வேண்டும், அதுகள் சண்டை போட்டுக்கொண்டு ஏற வேண்டும். அந்த ஒன்று நடந்தால் அவர் பிழைத்துக்கொள்வார் என்று எனக்கு உறுதியாகத் தெரியும். அதற்காக எதையும் செய்யலாம் என்று நினைத்தேன்.

அதனால் பொய் சொன்னேன். அவருக்கு பாசிட்டிவ், எங்கள் சென்டர் டாக்டரே பார்க்கிறார், வீட்டிலேயே தனியாக இருக்கச் சொல்லிவிட்டார் என்று மாடியிலிருந்தபடியே அறிவித்தேன். யாரும் வீட்டுக்கு வரக்கூடாது, அவர் முகத்தைப் பார்த்து ஏன் இப்படி இருக்கிறார் என்று கேட்கக்கூடாது. அதற்கு அந்தச் சமயத்தில் இதைவிட நல்ல பூட்டு கிடையாது. மாடிப்படிக்குக் கீழே யாரோ மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டுப் போனார்கள். பால் பாக்கெட் வெளி கேட்டில் தொங்கியது. எதிர்வீட்டுக்காரர் எங்கள் பக்கத்து ஜன்னலை அடித்துச் சாத்தினார். வேறு சமயமாக இருந்தால் ஒரு பாட்டம் கேட்டிருப்பேன். அப்போது எனக்கு அது எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? எல்லோரும் பயந்து ஒதுங்கியதற்கு மனசுக்குள் நன்றி சொல்லிக்கொண்டேன்.

ஒதுங்காதவர் கீழ்வீட்டு டீச்சர் ஒருவர்தான். ஓய்வு பெற்ற தையல் டீச்சர். கிறிஸ்தவக் குடும்பம். மகன், மருமகள், ஒரு பேத்தி. அந்தப் பேத்தியும் எங்கள் வேனில் போன பிள்ளைதான். டீச்சருக்குச் சர்க்கரை உண்டு, முழங்கால் வலி உண்டு. எங்கள் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் ஏற முடியும். ஏறி வந்தார். தூக்குவாளியில் கஞ்சி, மேலே ஒரு கிண்ணத்தில் தேங்காய்த் துவையல். வைத்துவிட்டுப் போங்க டீச்சர் என்று உள்ளிருந்தே குரல் கொடுத்தேன்.

"கதவைத் திறம்மா. மூஞ்சியைப் பார்க்காம வாசல்ல வச்சிட்டுப் போக, நான் என்ன நாய்க்கா சோறு வைக்கிறேன்?"

திறந்தேன். மாஸ்க் போட்டுக்கொண்டு நின்றார். என்னை மேலும் கீழும் பார்த்தார், சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்டார், போய்விட்டார். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். கீழே அவர் மகன் சத்தம் போடுவது கேட்கும். டீச்சர் பதிலுக்குச் சத்தம் போடுவதில்லை. எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டுப் போகும்போதெல்லாம் கொல்லைக் குழாயடியில் குளித்து, உடுத்திய புடவையை அங்கேயே அலசிப் போட்டுவிட்டுத்தான் தன் வீட்டுக்குள் போவார். அந்தத் தண்ணீர்ச் சத்தத்தை மாடியிலிருந்து கேட்கக் கேட்க அவர் தந்த கஞ்சியை அப்படியே மூடி வைத்துவிடுவேன். இல்லாத நோய்க்காக ஒரு வயதானவள் தினம் உயிரைப் பணயம் வைத்துப் படியேறி வருகிறாள். அவளை நான் ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன். அவருடைய சாமியும் சரி, என்னுடைய பெருமாளும் சரி, இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டார்கள் என்று பட்டது.

ஒரு நாள் படியிலேயே உட்காரவைத்துச் சொல்லிவிட்டேன். கொரோனா இல்லை டீச்சர், பாலத்துக்குப் போய்விட்டார் என்று. டீச்சர் மாஸ்க்கைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். பள்ளிக்கூடம் திறக்கிற வரைக்கும், திறந்த பிறகும், இது யாருக்கும் தெரியக்கூடாது, தெரிந்தால் வண்டி போய்விடும், வண்டி போனால் அவர் போய்விடுவார் என்று அழுதுகொண்டே விளக்கினேன்.

"என்னோட புதைஞ்சு போகும்மா. நீ பயப்படாதே," என்றார்.

என்னோடு புதைந்து போகும். இந்தச் சொல்லை நான் எத்தனை பேருக்கு, சொல்லாமலே, காப்பாற்றிக் கொடுத்திருக்கிறேன். எனக்கு ஒருத்தி வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அதன் பிறகு டீச்சர் கூடத்துக்குள்ளேயே வந்து உட்கார ஆரம்பித்தார். தில்லை நகரில் எனக்குத் தெரிந்த மனநல டாக்டர் ஒருவரிடம், காதும் காதும் வைத்த மாதிரி என் கணவரை அழைத்துப் போய் மாத்திரை வாங்கிக்கொடுத்தது நான். ஆனால் மாத்திரை முழுங்கிய மனிதனைச் சுவரிலிருந்து திருப்பி உட்காரவைத்தது டீச்சர். தைரியமாக இருங்கள், எல்லாம் சரியாகும் என்ற பேச்சே கிடையாது. எங்கள் சபைக்கு வாருங்கள் என்று ஒரு தடவைகூட அழைக்கவில்லை. "வண்டி சீட்டெல்லாம் பிய்ஞ்சு பஞ்சு தொங்குதே, இந்த லட்சணத்துல பிள்ளைங்களை ஏத்துவீங்களா? கழட்டிட்டு வாங்க, தைப்போம்," என்று அதட்டினார். முதல் நாள் அவர் அசையவில்லை. டீச்சர் மறுநாளும் அதட்டினார். பிறகு ஒரு மத்தியானம் அவரே கீழே இறங்கிப் போய் ஸ்பேனரைத் தேடினார். டீச்சர் வீட்டு முன்னறையில் அவர் ரெக்சினை இழுத்துப் பிடிக்க, டீச்சர் மிஷினில் தைக்க, இருவரும் நூல் நிறத்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டதை நான் படியில் நின்று கேட்டேன். என் கணவர் குரலை உயர்த்திப் பேசி எத்தனை காலம் ஆகியிருந்தது! அன்றைக்கு டீச்சரைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாட வேண்டும் போல இருந்தது. இப்போதும் சொல்கிறேன், அந்த அன்பில் ஒரு சொட்டுகூடப் பொய் இல்லை. பொய்யாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

சின்ன வகுப்புகளுக்கும் பள்ளிக்கூடம் திறந்தார்கள். அவர் வண்டியைக் கழுவி, கண்ணாடியில் சந்தனம் குங்குமம் வைத்து, பழைய வீடுகளுக்கெல்லாம் ஒரு நடை போய்விட்டு வந்தார். மாம்பழச் சாலைப் பக்கம் ஒரு வீட்டில் பையனை அப்பாவே விட்டுவிடுகிறாராம். திருவானைக்காவலில் ஒரு வீட்டில், வேனில் கும்பலாக உட்கார்ந்தால் தொற்று வருமாம். இன்னும் சில வீடுகளில், வீட்டில் கேட்டுச் சொல்கிறோம் என்றார்களாம். டீச்சர் வீட்டுப் பேத்தியைக்கூட அவள் அப்பா பைக்கில் கொண்டுபோய் விட்டார். ஒருவரும் முகத்தில் அடித்த மாதிரி எதுவும் சொல்லவில்லை. எல்லாரும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார்களாம். பயம் தெளியவில்லை, தெளிந்ததும் வருவார்கள் என்று அவர் எனக்கு ஆறுதல் சொன்னார். நானும் நம்பினேன்.

எனக்கு உண்மை தெரிந்தது ஸ்கேன் சென்டரில். பழைய வேன் பிள்ளை ஒன்றின் அம்மா வயிற்றுவலி என்று வந்திருந்தாள். நன்றாகத் தெரிந்தவள்தான். ஏம்மா, பாப்பாவை அனுப்ப மாட்டேங்கிறீங்க என்று டோக்கனைக் கொடுத்துக்கொண்டே கேட்டேன். அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். "அண்ணன் இப்ப நல்லா இருக்காரா?" என்றாள். ஏன் கேட்கிறீங்க என்றேன். பிறகு தன் போனை எடுத்து, யாரோ அனுப்பியதாக ஒரு வீடியோவைக் காட்டினாள்.

டீச்சர் தன் சபையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். முக்காடு போட்டிருந்தார். கோயில்கள் மூடிக்கிடந்த காலத்தில் ஆராதனையைப் போனில் ஒளிபரப்பப் பழகியவர்கள், திறந்த பிறகும் அதை விடவில்லை. டீச்சர் அழுதுகொண்டே பேசினார். என் வீட்டு மாடியில் ஒரு சகோதரர், ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர், தம்பியைப் பறிகொடுத்த துக்கத்தில் கொள்ளிடத்தில் விழப் போனவரை ஆண்டவர் திருப்பிக் கொண்டுவந்து என் கண் முன்னால் உட்காரவைத்தார் என்றார். கூட்டம் ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்றது. சில பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பேரைச் சொல்லவில்லை. பேர் எதற்கு? ஸ்ரீரங்கத்துக்கே வழி சொல்லிவிட்ட பிறகு பேரைச் சொல்லி என்ன, சொல்லாமல் என்ன. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த டோக்கன் நம்பரைக் கூப்பிட்டேன்.

அன்று சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி, மாடிக்குப் போகாமல் நேரே டீச்சர் வீட்டுக்குள் நுழைந்தேன். முன்னறையில் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். மருமகள் சமையலறையில் இருந்தாள். புதைந்து போகும் என்று சொன்னீர்களே என்று கேட்டேன். அவருக்கு முதலில் விளங்கவே இல்லை. விளங்கியதும் முகம் செத்துவிட்டது. அதை நடிப்பு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

"நான் பேரைச் சொல்லலையேம்மா," என்றார்.

இந்தச் சந்தில் எத்தனை ஸ்கூல் வேன் நிற்கிறது டீச்சர் என்றேன். அவர் அதை யோசித்தே பார்க்கவில்லை. சபைக்குள் சொன்னது ஆண்டவரிடம் சொன்னது, அது எப்படித் தெருவுக்கு வரும் என்றுதான் அவர் நினைத்திருக்கிறார். பிறகு மெல்ல விஷயத்தைச் சொன்னார். என் கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டே கிடந்த நாட்களில், இவர் எழுந்து வண்டியைத் தொட்டால் சபையில் சாட்சி சொல்கிறேன் என்று டீச்சர் பொருத்தனை செய்திருக்கிறார். நாம் வேண்டுதல் என்கிறோமே, அது. நாம் மொட்டை போடுவோம், உண்டியலில் போடுவோம். அவர்கள் எழுந்து நின்று, நடந்ததை எல்லார் முன்னாலும் வாய்திறந்து சொல்ல வேண்டும். அதுதான் காணிக்கை.

"சொல்லாம இருந்தா ஆண்டவருக்கு நான் பொய்க்காரி ஆயிடுவேனேம்மா."

"எனக்குப் பொய்க்காரி ஆனாப் பரவாயில்லையா டீச்சர்?"

என் கையைப் பிடிக்க வந்தார். நான் கையை இழுத்துக்கொண்டேன். உங்கள் காணிக்கையை உங்கள் வீட்டிலிருந்து கொடுத்திருக்கலாமே, என் வீட்டிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டீர்களே என்று கேட்டேன். சத்தமாகத்தான் கேட்டேன், எனக்கு மெல்லப் பேச வராது. அவர் அழுதார். நானும் நின்றுகொண்டே அழுதேன். கொஞ்சம் அடங்கியதும் எனக்கு ஒரு வழி தோன்றியது. கோபம் போய் அந்த இடத்தில் ஆசை வந்துவிட்டது.

"நாளைக்குப் பேத்தியை அவர் வண்டியில அனுப்புங்க டீச்சர். உங்க பேத்தி ஏறுறதைப் பார்த்தா மத்தவங்களும் அனுப்புவாங்க. அவர் நல்லாயிட்டாருன்னு நீங்கதானே சொன்னீங்க."

டீச்சர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு சமையலறைப் பக்கம் பார்த்தார். மிஷின் மேல் கிடந்த துணியை எடுத்து மடித்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார்.

"மருமகளைக் கேட்கணும்மா," என்றார்.

கொரோனா வீடு என்று நினைத்துக்கொண்டு, பெற்ற மகனை மீறி, எங்கள் மாடிப்படி ஏறி வந்த மனுஷி! தன் உயிரைத் தினமும் தூக்குவாளியோடு எடுத்துக்கொண்டு வந்து எங்களுக்குக் கொடுத்தவர். எங்கள் பெருமாள் சந்நிதியில் வைத்து, அவரைப் போல ஒருத்தி உண்டா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் ஆண்டவர் குணமாக்கிவிட்டார் என்று மைக்கில் சொன்னவருக்கு, அந்தக் குணத்தை நம்பிப் பேத்தியை ஏற்றிவிட முடியவில்லை. எல்லா வீட்டிலும் காப்பி கொடுத்துச் சொன்ன பதிலைத்தான் அவரும் சொன்னார். தெருக்காரர்கள் என்னை ஏமாற்றவில்லை, அவர்கள் எனக்கு எதையும் தருவதாகச் சொன்னதே இல்லை. இவர் எல்லாவற்றையும் தந்துவிட்டு, இதைத் தராமல் விட்டார். மறுநாள் காலையில் மாடியிலிருந்து பார்த்தேன். பேத்தி பைக்கில்தான் போனாள்.

என் கணவர் இப்போது காந்தி மார்க்கெட்டிலிருந்து கடைகளுக்குக் காய்கறி ஏற்றிப் போகிறார். பின் சீட்டுகளைக் கழற்றி மாடியில் போட்டிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அவற்றை மறுபடி மாட்டுவார். டீச்சர் பேசி ஏற்பாடு செய்தது அது. சபையிலிருக்கிற, நடக்க முடியாத வயசாளிகளைக் காலையில் கூட்டிப் போய் மத்தியானம் கொண்டுவந்து விட வேண்டும். அவர்களுக்கு அவர் வண்டியில் ஏற எந்தப் பயமும் இல்லை. இறங்கும்போது ஒவ்வொருவராக அவர் தலையில் கை வைத்து, கண் கலங்க ஆசீர்வாதம் செய்துவிட்டுப் போகிறார்கள். அவர்களுக்கு எல்லாம் தெரியும். தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. நல்லவேளையாக அவரிடம் இருப்பது பட்டன் போன். அவரைப் பொறுத்தவரை பாலத்து விஷயம் தெரிந்தவர்கள் அந்தப் பால்காரர், டாக்டர், நான், டீச்சர், இவ்வளவுதான். அந்த நம்பிக்கையில்தான் தலை நிமிர்ந்து சந்தில் நடக்கிறார். அடுத்த ஜூனில் பிள்ளைகள் வந்துவிடும் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நான் டீச்சருடன் பேசுவதை நிறுத்திவிட்டேன். எதிரே வந்தால் செருப்பைப் பார்த்துக்கொண்டு போய்விடுவேன். போன கிறிஸ்துமஸுக்கு டீச்சர் கேக்கும் முறுக்கும் வைத்துத் தட்டு ஒன்றை மேலே அனுப்பியிருந்தார். நான் அதைத் தொடவில்லை. சாயங்காலம் வரை மேஜையில் மூடியபடி இருந்ததை என் கணவர் பார்த்துவிட்டார். திறந்து, ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். பிறகு என் எதிரில் வந்து நின்றார்.

"நம்ம வீட்டுப் பக்கம் ஒரு ஆளு எட்டிப் பார்க்காதப்ப வந்தவங்க அவங்க. அவங்களைப் பார்த்தா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போறியே. இவ்வளவு நன்றி கெட்டவளா நீ?"

எங்களுக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் என்னை இப்படிப் பேசியதில்லை. சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஒரே ஒரு வாக்கியம் போதும், நான் நல்லவள் ஆகிவிடுவேன். சொன்னால் ஞாயிற்றுக்கிழமை அவர் சீட்டை மாட்ட மாட்டார், தலையில் வைக்கப்பட்ட அத்தனை கைகளும் அவருக்கு நினைவுக்கு வரும், மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துவிடுவார்.

"ஆமாங்க, என் புத்தி அப்படித்தான்," என்றேன். தட்டைக் கழுவித் துடைத்து, வெறும் தட்டாகத் தரக்கூடாதென்று ஒரு பிடி சர்க்கரை வைத்து, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீழே இறங்கிப் போய் டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டினேன்.